அல்லியின் மகனும் வைஜெயந்தியின் மகனும்: வீரநாயகியர் கதைத் தொடர்ச்சியும் அதன் ஏற்பும் – திருத்தணி எல்லைப்புலத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெண்ணை வீரநாயகியாகக் கொண்ட கதை ஒன்று மக்களிடையே நிலைபெற்றபின், அதன் தொடர்ச்சி யாரைச் சுற்றி எழுகிறது, அத்தொடர்ச்சியை விமர்சனம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தெலுங்கில் 'கர்த்தவ்யம்' (1990) எனவும் தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' எனவும் வழங்கிய திரைப்படமும், 2025இல் வெளிவந்த 'அர்ஜுன் சன் ஆஃப் வைஜெயந்தி' என்னும் தெலுங்குத் திரைப்படமும் முதன்மைத் தரவுகளாக அமைகின்றன. அல்லி கதைத் தொகுதியும் முற்கால இந்தியச் சாகசப் படங்களும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன. முதல், வழி, சார்பு என்னும் தமிழ் நூல்வகைப் பாகுபாடு இவ்வாய்வின் அளவுகோலாகப் பயன்படுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வீரநாயகி, தொடர்ச்சிப் படம், மொழிமாற்றுப் படம், ஏற்பு, வழிநூல், அல்லி அரசாணி, எல்லைப்புலம்

முன்னுரை

1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் திருத்தணி இருந்தது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அம்மாவட்டத்தோடு சேர்ந்து ஆந்திரத்தின் பகுதியாயிற்று. மங்கலங்கிழார், ம.பொ.சிவஞானம் முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாகவும் படாஸ்கரின் பரிந்துரையை அடியொற்றி இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தின்படியும் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு மாறியபின்னும் திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரங்களில் தெலுங்கு பேசுவோர் உள்ளனர். கோட்டுக்கு அப்பால் நகரி, புத்தூர், சித்தூர்ப் பகுதிகளில் தமிழ் பேசுவோர் உள்ளனர். ஆடிக் கிருத்திகையன்று காவடியேந்தித் தணிகை மலையேறும் அடியார் கூட்டத்தில் இரு மொழிகளையும் கேட்கலாம்.

இத்தகைய எல்லைப்புலத்தில் வாழும் பார்வையாளருக்கு மொழிமாற்றுத் திரைப்படம் ஒரு தனிச் சிக்கலை முன்வைக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' படத்தைக் கண்ட தமிழர் பலருக்கு அதுவே மூலம். தெலுங்கறிந்த எல்லைப்புலத்தாருக்கோ அது 'கர்த்தவ்யம்' என்னும் மூலத்தின் மறுவடிவம். பெயர் ஏன் மாறிற்று என்னும் வினா அவருக்கு மட்டுமே இயல்பாக எழும். இக்கட்டுரை வட்டாரப் பார்வையாளரிடையே நிகழ்த்திய களஆய்வு அன்று. இரு பெயர்களையும் அருகருகே வைத்துப் படிக்கக்கூடிய அந்த இருமொழி நிலையை ஒரு வாசிப்பு முறையாகக் கொண்டு, பனுவல்களையே தரவாக எடுத்துக்கொள்கிறது.

முதலும் வழியும் சார்பும்

ஒரு படைப்பு வெளிவரும்போது அதைப் பெறுவோரிடம் ஏற்கெனவே அமைந்திருக்கும் எதிர்பார்ப்புகளே அப்படைப்பின் பொருளைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது 1960களின் இறுதியில் செருமானிய அறிஞர் ஆன்சு ராபர்ட் யாவுசு முன்வைத்த ஏற்புக் கொள்கையின் சாரம். தமிழாய்வில் இக்கொள்கை பலவாறாகக் கையாளப்பட்டுள்ளது. எனினும் தொடர்ச்சிப் படைப்பு என்னும் வகையைப் பொறுத்தவரை, தமிழ் இலக்கண மரபே கூர்மையான கருவிகளைத் தருகிறது. நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு வகுக்கும் கூறுகளுள் வழி, எல்லை, நூற்பெயர், கேட்போர் என்பனவும் அடங்கும். ஒரு நூல் எதன் வழி வந்தது, எந்நிலப்பரப்பில் வழங்குகிறது, என்ன பெயர் பெற்றது, யார் கேட்க எழுந்தது ஆகிய இந்நான்கும் இன்றைய ஏற்பாய்வு கேட்கும் வினாக்களே.

நூலை முதல், வழி, சார்பு எனப் பகுப்பதும் இம்மரபே. வழிநூல் முதனூலின் முடிபை ஏற்று, பின்னோன் வேண்டிய வேறுபாடுகளைச் சேர்ப்பது. சார்புநூல் சிறுபான்மை ஒத்துப் பெரும்பான்மை வேறுபடுவது. தொல்காப்பிய மரபியல் வழிநூலை நால்வகையாகப் பகுக்குமிடத்து மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது இங்குக் குறிப்பிடத்தக்கது. இக்கணக்கின்படி மொழிமாற்றுப் படமும் தொடர்ச்சிப் படமும் ஒரே குடும்பத்தவை. இரண்டும் முதனூலுக்குப் பின்னோர் அளிக்கும் விடைகள். திரைப்பட மதிப்புரைகளில் இவ்விரண்டும் தொடர்பற்றவையாகவே பேசப்படுகின்றன. மொழிமாற்றுப் படம் பெரும்பாலும் மதிப்புரைக்கே உரியதாகக் கருதப்படுவதில்லை. தொடர்ச்சிப் படமோ 'முதல் பாகம் அளவுக்கு இல்லை' என்னும் ஒற்றை அளவுகோலால் அளக்கப்பட்டுவிடுகிறது.

பெயர்மாற்றம் என்னும் முதல் விமர்சனம்

விஜயசாந்தி தமிழில் 'கல்லுக்குள் ஈரம்' (1980) படத்தின் வழித் திரைக்கு வந்தவர். வீரநாயகியாக உருப்பெற்றது தெலுங்கில். டி.கிருஷ்ணா இயக்கிய 'பிரதிகடன' (1985) அவ்வுருமாற்றத்தின் தொடக்கம். ரௌடி அரசியலால் நடுத்தெருவில் இழிவுபடுத்தப்படும் கல்லூரி ஆசிரியை ஒருத்தி, கணவனும் சட்டமும் துணைநில்லாத நிலையில், இறுதியில் கோடரியேந்தித் தானே கணக்குத் தீர்க்கிறாள். இந்நடிப்புக்காக ஆந்திர அரசின் நந்தி விருது விஜயசாந்திக்குக் கிடைத்தது. படம் தமிழில் 'பூ ஒன்று புயலானது' என்னும் பெயரோடு வந்தது.

'பிரதிகடன' என்னும் தெலுங்குச் சொல் எதிர்த்து நிற்றலைக் குறிப்பது. அது ஒரு செயலின் பெயர். செய்தவர் ஆணா பெண்ணா என்பது அச்சொல்லில் இல்லை. தமிழ்ப் பெயரோ பாலைச் சொல்லி விடுகிறது. பூவாக இருந்தவள் புயலாகிறாள் என்னும்போது, பெண்ணின் இயல்பு பூ என்பதும், புயல் என்பது அவ்வியல்பிலிருந்து நேர்ந்த திரிபு என்பதும் முற்கோளாக அமைந்துவிடுகின்றன. தெலுங்கில் ஒரு சமூகத்தின் எதிர்வினையாக அறிவிக்கப்பட்ட கதை, தமிழுக்கு வருகையில் ஒரு பெண்ணிடம் நிகழ்ந்த வியப்புக்குரிய மாற்றமாக அறிவிக்கப்படுகிறது. படத்தின் ஒரு காட்சியும் மாறாதபோதும், அதை எதிர்நோக்கி அரங்கினுள் நுழைவோரின் மனநிலையைப் பெயர் மாற்றிவிடுகிறது. இத்தகைய பெயர்களை விளம்பரத் தந்திரம் என ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் ஒரு மொழிச்சமூகம் எதை விரும்பி ஏற்கும் என்று வணிகர் போட்ட கணக்கு என்ற அளவில் அவை ஏற்பாய்வின் முதன்மைச் சான்றுகளாகின்றன.

அடுத்து வந்த 'கர்த்தவ்யம்' இதற்கு மாறான திசையில் சென்றது. ஏ.எம்.ரத்னம் தயாரிப்பில் மோகன காந்தி இயக்கத்தில் 1990இல் வெளியான இப்படத்தில், அதிகாரபலம் மிக்க குற்றவாளிகளை எதிர்த்து நிற்கும் காவல்துறை அதிகாரி வைஜெயந்தியாக விஜயசாந்தி நடித்தார். நாட்டின் முதல் பெண் இந்தியக் காவல் பணி அதிகாரியான கிரண் பேடியை அப்பாத்திரம் நினைவூட்டுவதாகப் பரவலாகப் பேசப்பட்டது. அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் இப்படத்துக்காக அவருக்கு வழங்கப்பட்டது. சண்டைக்காட்சிகளால் நிறைந்த வணிகப் படமொன்றின் நாயகிக்கு அவ்விருது சென்றது அன்றைய சூழலில் அரிய நிகழ்வு. வெகுமக்கள் ஏற்பும் நிறுவன ஏற்பும் ஒருங்கே வாய்த்த நிகழ்வும் அதுவே.

தெலுங்கில் 'கடமை' எனப் பொருள்படும் அருஞ்சொல் தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' ஆயிற்று. பண்புப்பெயர் போய், ஒரு பெண்ணின் இயற்பெயரும் பதவியும் வந்தன. கணவன் பெயரோ தந்தை பெயரோ ஒட்டாத பெயர். பின்னொட்டாக இருப்பது அவளே ஈட்டிய மூன்றெழுத்து. இது வணிகக் கணக்கில் பிறந்த பெயராகவே இருந்திருக்கலாம். ஆயினும் கடமை என்னும் அறத்தைக் காட்டிலும் அதை ஏந்திய ஆளே தமிழ்ப் பார்வையாளரை ஈர்ப்பாள் என்ற கணிப்பு அதில் உண்டு. படம் தமிழகத்தில் பெற்ற வரவேற்பு அக்கணிப்பை மெய்ப்பித்தது. 1994இல் என்.சந்திரா இந்தியில் மீளப் படைத்தபோது 'தேஜஸ்வினி' என்னும் பெயர் சூட்டப்பட்டது. மூன்று மொழிப் பெயர்களுள் பதவியை வெளிப்படச் சொல்வது தமிழ்ப் பெயர் ஒன்றே.

ஐந்தாண்டு இடைவெளியில் வந்த இவ்விரு தமிழ்ப் பெயர்களும் ஒரு நகர்வைக் காட்டுகின்றன. முதலாவது பெயரில் நாயகிக்குப் பெயரில்லை, உவமை மட்டுமே உண்டு. இரண்டாவதில் உவமை உதிர்ந்துவிட்டது. எல்லைப்புல வாசகர் ஒருவர் நான்கு பெயர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், தெலுங்கு இருமுறையும் கருத்தை முன்வைத்ததையும், தமிழ் இருமுறையும் பெண்ணை முன்வைத்ததையும், ஆனால் முதன்முறை தயங்கியும் இரண்டாம் முறை தயக்கமின்றியும் முன்வைத்ததையும் காண்பார்.

நேரடித் தமிழில் அதே நாயகி

மொழிமாற்றுப் படத்தில் வெற்றிபெற்ற இந்நாயகியை நேரடித் தமிழ்ப்படம் எவ்வாறு ஏற்றது என்பதற்குச் சான்று 'மன்னன்' (1992). 'அனுராக அரளிது' என்னும் கன்னடப் படத்தைத் தழுவி பி.வாசு இயக்கிய இப்படத்தில் விஜயசாந்தி தொழிற்சாலை உரிமையாளர்; ரஜினிகாந்த் அங்குப் பணிபுரியும் தொழிலாளி. அவளுடைய அதிகாரம் ஆணவமாகவே சித்திரிக்கப்படுகிறது. திருமணமும் அதன்பின் நேரும் இக்கட்டுகளும் அவளைப் பணியவைக்கின்றன. முடிவில் அவள் இல்லாளாக வீட்டில் அமைகிறாள்.

வைஜெயந்தியைக் கொண்டாடிய அதே பார்வையாளர்கள் இரண்டே ஆண்டுகளில் இதையும் கொண்டாடினர். இதை முரண் என்று கொள்வதைவிட, வெவ்வேறு எதிர்பார்ப்பு வெளிகள் ஒரே காலத்தில் இயங்கியமையாகக் கொள்வது பொருந்தும். மொழிமாற்றுப் படத்தின் நாயகி தொலைவில் உள்ளவள். அவள் நடமாடும் தெருவும் ஊரும் வேறு. அவளது அதிகாரம் அண்டைவீட்டாரின் கதையாக இருக்கும்வரை இடையூறில்லை. தன் ஊரில், தன் மொழியில், உச்ச நாயகனுக்கு எதிரே நிற்கையில் அவளுக்கு வேறொரு கதைவார்ப்பு காத்திருக்கிறது. அவ்வார்ப்பு திரைப்படத்துக்கு மிகவும் முற்பட்டது.

அல்லி கதைத் தொகுதி

புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அம்மானைகளுள் 'அல்லி அரசாணி மாலை' குறிப்பிடத்தக்கது. பெரிய எழுத்துப் பதிப்புகளாகத் திருவிழாக்கடைகள்தோறும் விற்கப்பட்ட நூல் அது. அல்லிமலரில் கண்டெடுக்கப்பட்டுப் பாண்டியன் மகளாக வளர்ந்த அல்லி, பகைவனான நீன்முகனை வென்று மதுரையை ஆள்கிறாள். பெண்டிரே படையும் காவலுமாகச் சூழ்ந்த அவளது ஆட்சியில் ஆடவர்க்கு இடமில்லை. அருச்சுனன் அவளை விரும்புகிறான், போரில் வெல்லவில்லை. கண்ணனின் துணையோடு பாம்புருவில் பள்ளியறை புகுந்து, உறங்குபவளின் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். அவள் சினமும் எதிர்ப்பும் கதையின் பெரும்பகுதியை நிரப்பினாலும் முடிவு திருமணமே. சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோரின் நாடகங்கள் வழியாகவும் கூத்து வழியாகவும் இக்கதை தமிழகமெங்கும் பரவியது.

இக்கதையின் ஏற்புக்கு மிகச் சுருக்கமான சான்று ஒரு வழக்குத்தொடர்: 'அல்லி ராஜ்யம்'. பெண்ணின் கை ஓங்கிய வீட்டையோ அலுவலகத்தையோ எள்ளுவதற்கே அத்தொடர் வழங்குகிறது. நீன்முகனை வென்ற வீரம் அத்தொடரில் நினைவுகூரப்படுவதில்லை. பனுவலில் உள்ள வீரம் ஒன்று, மக்கள் வழக்கு எடுத்துக்கொண்ட பொருள் மற்றொன்று. 'மன்னன்' படத்தின் தொழிற்சாலை உரிமையாளர் இவ்வழக்குத்தொடரிலிருந்து பிறந்தவர் எனின் மிகையாகாது.

இக்கட்டுரையின் நோக்கத்துக்கு இன்னும் முதன்மையானது அல்லி கதையின் தொடர்ச்சி. அல்லிக்கும் அருச்சுனனுக்கும் பிறந்தவன் புலந்திரன். 'பவளக்கொடி மாலை' அவன் சிறுவனாகப் பவளத்தேர் கேட்டழுவதில் தொடங்குகிறது. பவளம் தேடிச் செல்லும் தந்தை பவளக்கொடியைக் கண்டு மணக்கிறான். 'புலந்திரன் களவு மாலை' மகனின் கதையாகவே வளர்கிறது. முதனூலில் ஆட்சியாளராக நின்றவள், வழிநூல்களில் ஒருவனுக்கு மனைவியாகவும் ஒருவனுக்குத் தாயாகவும் இடம்பெறுகிறாள். அவளது சினம் அங்கும் உண்டு, ஆயின் அதன் காரணம் நாடன்று. கணவனின் மற்றொரு மணம். 'பவளக்கொடி' 1934இல் கே.சுப்பிரமணியம் இயக்கத்தில், எம்.கே.தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் அறிமுகமான படமாக வந்து பெருவெற்றி பெற்றது. தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கப் பருவத்திலேயே பெருவரவேற்புப் பெற்றது அல்லி கதையின் இத்தொடர்ச்சிப் பகுதியே என்பது சிந்திக்கத்தக்கது.

தொண்டை மண்டலத்தின் வடபகுதிக்கு இக்கதைமாந்தர் அயலாரல்லர். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தும் அருச்சுனன் தபசும் இன்றும் நடைபெறும் நிலப்பரப்பு இது. சித்தூர் மாவட்டப் பக்கத்திலும் அவ்விழாக்கள் உண்டு. வில்லேந்திய அருச்சுனனும் அவனைச் சூழ்ந்த பெண்களும் எல்லையின் இருபுறத்தாருக்கும் பொதுவான கதைச்சொத்து.

மகள் வந்த வழி

வீரநாயகியின் தொடர்ச்சி மகனிடமே செல்ல வேண்டும் என்பது விதியன்று. மறுதலைச் சான்று பம்பாயிலிருந்து கிடைக்கிறது. ஆத்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்த மேரி ஆன் எவான்ஸ், 'அச்சமற்ற நாடியா' என்னும் திரைப்பெயரோடு 'ஹண்டர்வாலி' (1935) படத்தில் தோன்றினார். ஹோமி வாடியா இயக்கிய அப்படத்தில் இளவரசி ஒருத்தி முகமூடியணிந்து, சாட்டையேந்தி, குதிரையேறிக் கொடுங்கோலரைத் தண்டிக்கிறாள். வாடியா சகோதரர் பிரிந்தபின் ஹோமி வாடியா தொடங்கிய பசந்த் பிக்சர்ஸ், 1943இல் 'ஹண்டர்வாலி கீ பேட்டி' படத்தை வெளியிட்டது. 'சாட்டைக்காரியின் மகள்' என்பது பொருள். முதன்மைப் பாத்திரத்தில் மீண்டும் நாடியாவே.

இந்தியத் திரையில் தொடர்ச்சிப் படம் என்னும் வகை அரிதாக இருந்த காலத்தில், ஒரு பெண்ணின் சாகசம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதாகத் தலைப்பிலேயே அறிவிக்கப்பட்டது. அப்பெயர் எவ்வித நியாயத்தையும் வேண்டி நிற்கவில்லை என்பதே அதன் சிறப்பு. சாட்டைக்காரிக்கு மகள் இருப்பாள், அவளும் சாட்டையேந்துவாள் என்பது பார்வையாளருக்கு உறுத்தாத எதிர்பார்ப்பாக இருந்திருக்கிறது. உறுத்தியிருப்பின், புதிதாகத் தொடங்கிய நிறுவனம் அதில் முதலிட்டிருக்காது. நாடியாவின் படங்கள் தரமான படங்களாக மதிக்கப்படாமல் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தன. 1993இல் ரியாத் வின்சி வாடியாவின் ஆவணப்படமும், பின்னர் ரோசி தாமஸ் முதலியோரின் ஆய்வுகளுமே அவற்றை மீண்டும் பேச்சுக்குக் கொணர்ந்தன.

நாடியா வழிச் சாகசம் தமிழுக்கும் வந்தது. கே.அமர்நாத் இயக்கத்தில் கே.டி.ருக்மிணி நடித்த 'மின்னல்கொடி' (1937), 'வீரரமணி' (1939) ஆகியன அவ்வகையின. 'மின்னல்கொடி'யில் ருக்மிணியின் பாத்திரமான மோகினி, இறந்துபட்ட கொள்ளையன் ஒருவனின் பெயரையும் கோலத்தையும் ஏற்று எளியோர்க்கு உதவுகிறாள். ஆணின் வீரப்பெயர் ஒரு பெண்ணுக்கு உரிமையாகும் இக்கதையமைப்பு, பின்வந்த தமிழ்ப்படங்களில் வேரூன்றவில்லை. ருக்மிணிக்குத் தொடர்ச்சி எழவில்லை. தெலுங்கிலோ 1970இல் கே.எஸ்.ஆர்.தாஸ் இயக்கிய 'ரௌடி ராணி' படத்தில் விஜயலலிதா அம்மரபைப் புதுப்பித்தார். அது இந்தியிலும் மீளப் படைக்கப்பட்டது. 1985இல் 'பிரதிகடன' வருவதற்குத் தெலுங்கில் ஒரு நிலம் முன்னரே உழப்பட்டிருந்தது. தமிழகம் அதன் விளைச்சலை மொழிமாற்றின் வழிப் பெற்றது.

வைஜெயந்தியின் மகன்

2025 ஏப்ரல் 18 அன்று, 'கர்த்தவ்யம்' வெளிவந்து ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், 'அர்ஜுன் சன் ஆஃப் வைஜெயந்தி' வெளியாயிற்று. இயக்கம் பிரதீப் சிலுகூரி, மகனாகக் கல்யாண் ராம், தாயாக விஜயசாந்தி. இது முறையான இரண்டாம் பாகம் அன்று. இயக்குநரும் வேறு, தயாரிப்பாளரும் வேறு. ஆயினும் அதே நடிகை, அதே பெயர், அதே காவல்பணி என்பவற்றால் பழைய படத்தின் நினைவைத் தன் மூலதனமாகக் கொண்டே இது வந்தது. நூல்வகைப் பாகுபாட்டின்படி இதனை வழிநூல் என்பதைவிடச் சார்புநூல் என்பதே பொருந்தும்: ஒருபுடை ஒத்து, அடிப்படையில் வேறுபடுவது.

வேறுபாடு தலைப்பிலேயே உள்ளது. சட்டத்தின் வழி நடப்பான் என்று தாய் எதிர்பார்த்த மகன், சட்டத்துக்குப் புறத்தே நின்று நீதி வழங்குபவனாகிறான். அதனால் தாய்க்கும் மகனுக்கும் இடையே விலகல் நேர்கிறது. அவ்விலகலும் அது தீர்வதுமே கதை. முதற்படத்தில் வைஜெயந்தியின் பகை குற்றமும் அதிகாரமும். இங்கு அவளது முதன்மைச் சிக்கல் தன் மகன். அறத்துக்கும் பாசத்துக்கும் இடையில் நிற்கும் தாய் என்னும் பாத்திரம் இந்தியத் திரைக்கு நன்கு பழகியது. விஜயசாந்தியின் வயதும் உடன்வந்த வரலாறும் அப்பழைய பாத்திரத்துக்குப் புதிய எடையைத் தருகின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

படம் வெளியானபோது எழுந்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே தடத்தில் சென்றன. கதைப்போக்கு முன்கூட்டியே ஊகிக்கத்தக்கது, சண்டைகள் வழக்கமானவை என்பன குறைகளாயின. விஜயசாந்தியின் திரைமிடுக்கும் தாய்–மகன் உணர்ச்சிக் காட்சிகளும், குறிப்பாக இறுதிப்பகுதியும், நிறைகளாயின. 'பழைய விஜயசாந்தியைக் காண முடிகிறதா' என்பதே அளவுகோல். வைஜெயந்தியின் வீரத்துக்கு உரியவர் ஏன் மகனாக இருக்க வேண்டும் என்னும் வினா அத்தடத்தில் இடம்பெறவில்லை. மகனைத் தவிர வேறெவரையும் எதிர்பார்க்காத ஒரு வெளியில் நின்று படைத்தவரும் மதிப்பிட்டவரும் பேசினர். எதிர்பார்ப்பு முழுமையாக நிறைவேறும் இடத்தில் அது கண்ணுக்குப் புலப்படாது போகிறது. அத்தகைய இடங்களைச் சுட்டுவதே ஏற்பாய்வின் பயன்.

தலைப்பை இரக்கத்தோடு படிக்கவும் வழியுண்டு. அதனையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். அரசு ஆவணங்களில் 'இன்னார் மகன்' என்னும் தொடருக்குப்பின் வருவது வழக்கமாகத் தந்தையின் பெயர். அவ்விடத்தில் ஒரு தாயின் பெயர் அமர்வது சிறிய செய்தியன்று. தாயின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் வழக்கம் பரவிவரும் தமிழ்ச்சூழலில் இதற்குத் தனி ஒலிப்பு உண்டு. மேலும் 'அர்ஜுன்' என்னும் பெயர்த்தேர்வு மற்றொரு வாயிலைத் திறக்கிறது. பாரதத்தின் அருச்சுனனுக்குப் பார்த்தன் என்பதும் பெயர்; பிருதையின், அதாவது குந்தியின், மகன் என்பது அதன் பொருள். கூத்துமேடையில் நாளும் ஒலிக்கும் பார்த்தன் என்னும் விளி, திரைப்படத் தலைப்பின் இலக்கண அமைப்பையே கொண்டது. தாய்வழிப் பெயர் பூண்ட நாயகன் இந்தியக் கதைமரபுக்குப் புதியவனல்லன்.

ஆயினும் குந்தியின் நிலையை இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். அவள் பெயர் மகனின் பெயருள் நிலைத்தது. போரும் புகழும் மகனுடையவை ஆயின. 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' என்னும் தொடரில் வைஜெயந்தி எழுவாய். அவளுக்குப் பின்னால் வருவது அவள் பெற்ற பதவி. 'அர்ஜுன் சன் ஆஃப் வைஜெயந்தி' என்னும் தொடரில் அவள் ஆறாம் வேற்றுமை. அவளுக்கு முன்னால் வருவது அவள் பெற்ற மகன். 'பெறுதல்' என்னும் வினை இரண்டு இடத்தும் பொருந்துவது தமிழின் தற்செயல் வாய்ப்பு. புலந்திரனின் தாயாக அல்லி வழிநூலுள் நுழைந்தபோது நிகழ்ந்த வேற்றுமை மாற்றமும் இதுவே. அருச்சுனன் என்னும் பெயர் அங்கு அவளை அடக்கியவனுடையது, இங்கு அவளுக்குப் பின்வருபவனுடையது.

திருத்தணியின் இருமொழிப் பார்வையாளர் இடத்திலிருந்து நோக்கினால் மற்றொரு நுட்பமும் புலனாகிறது. தெலுங்குத் தொடர்ச்சிப் படத்தின் தலைப்பில் நினைவுகூரப்படுவது 'கர்த்தவ்யம்' அன்று, வைஜெயந்தி. 1990இல் நாயகியின் பெயரைத் தலைப்பாக்கியது தமிழ் வழிநூலே. தெலுங்கில் கருத்தாக வெளிவந்து, தமிழில் பெண்ணின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட கதை, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தெலுங்குத் தலைப்பில் அப்பெயரைச் சூடுகிறது. இதனை நேரடித் தாக்கம் எனத் துணிய இயலாது; பாத்திரத்தின் பெயர் மூலத்திலேயே வைஜெயந்திதான். எனினும், காலம் கடந்து எஞ்சுவது கடமையின் பெயரா, கடமையாற்றியவளின் பெயரா என்பதில் மொழிமாற்றாளரின் கணிப்பு மூலத்தைவிடக் கூர்மையாக இருந்ததை மறுக்க இயலாது. மதிப்புரைக்கே உரியதல்ல என ஒதுக்கப்படும் மொழிமாற்றுப் படங்களைத் தமிழ்த்துறைகள் ஏற்பாய்வின் தரவுகளாகத் தொகுக்க வேண்டியதன் தேவைக்கு இஃதொன்றே போதிய காரணம்.

பெண்ணிடமிருந்து பெண்ணுக்குச் செல்லும் உரிமை இக்கதைகளின் அகத்தே அரிதாயினும், புறத்தே ஒருமுறை நிகழ்ந்துள்ளது. 'ரௌடி ராணி' விஜயலலிதா விஜயசாந்தியின் நெருங்கிய மூத்த உறவினர். சாந்தி என்னும் இயற்பெயரின் முன் உள்ள 'விஜய' அவருடைய பெயரிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது.